மஞ்சள் கையோடு ஒரு பெண் பார்க்கும் படலம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். அம்பத்தூரில் வெறும் முள்ளுக்காடாகக் கிடந்த இடத்தில் தகரக் கொட்டகை போட்டு, பழைய லேத் மெஷின் ஒன்றை வைத்துப் பட்டறை எழுப்பினேன். கூரை காற்றில் பறந்தது, மறுபடி போட்டேன். பக்கத்திலேயே மாடி வீடு கட்டினேன். இத்தனைக்கும் காரணம், நான் எவனையும் நம்பாததுதான்.

எண்பதுகளின் கடைசியில் ஒருநாள், டீக்கடை மாணிக்கம் பத்திரிகையைப் படித்துவிட்டுச் சொன்னார்:

"நைனா, கேரட்டுல கீற அந்த ஆரஞ்சு நிறம் புற்றுநோயை எதிர்க்க உதவலாமாம்."

"எழுதனவன் கேரட்டு வியாபாரியா இருப்பான்" என்றேன்.

ஆனாலும் பீடிக்காரன் நெஞ்சு சும்மா இருக்குமா? (உதவலாம் என்றுதானே போட்டிருக்கிறான், நிறையத் தின்றால் உதவித்தானே ஆகவேண்டும்!) பீடியையும் விடவில்லை. ஒரு பீடிக்கு ஒரு கேரட் என்று கடித்துத் தள்ளினேன்.

சில வாரங்களில் உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. கேரட்டில் சாயம் ஏற்றி விற்கிறான் என்று முடிவுகட்டி, கேரட்டை வாளியில் போட்டுச் சோப்பால் தேய்த்தேன்.

"இன்னாங்க, காயைக் குளிப்பாட்றீங்க?" என்றாள் என் மனைவி சரோஜா.

காயிலும் சாயம் போகவில்லை, மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிய கையிலும் போகவில்லை.

அந்தக் கையோடுதான் மகள் கோமதியைப் பெண் பார்க்க வந்தவர்களை வரவேற்றேன். முன்பு வந்த வரன்களை எல்லாம் சந்தேகப்பட்டே நான் விரட்டியிருந்தேன். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வந்த இந்தப் பையன் அவளுக்குப் பிடித்தவன்.

கேசரித் தட்டை நீட்டினேன். பையனின் அப்பா என் கையைப் பார்த்துத் தன் கையை இழுத்துக்கொண்டார்.

"இன்னா அண்ணே, காமாலையா?"

"ஐயோ, கேரட்டுங்க!"

"கேரட்டு துன்னா ஆளு மஞ்சளாவானா? யார்கிட்ட கதை உடுறீங்க?"

யாரும் தட்டைத் தொடவில்லை. எங்கள் பக்கம் கை நனைக்காமல் எழுந்தால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம். அவர் எழுந்தேவிட்டார். (அவர் இடத்தில் நான் இருந்தால் எப்போதோ செருப்பை மாட்டியிருப்பேன்.)

அப்போது கோமதி உள்ளிருந்து பட்டுப்புடவை சரசரக்க வந்தாள். அவள் நர்சிங் படித்தவள். என் கண் இமையைக் கீழே இழுத்து எல்லோருக்கும் காட்டினாள்.

"காமாலைன்னா கண்ணும் மஞ்சளாவும். இங்க பாருங்க, சுண்ணாம்பாட்டம் வெள்ளையா கீது. கேரட்டை மாடு மாதிரி துன்னா தோல் இப்படித்தான் ஆவும், கொறைச்சா போய்டும். பீடியை உடுறதுக்குக் கேரட்டு ஈடாவாதுன்னு சொன்னா கேக்கமாட்றாரு!"

பையனின் அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இந்தப் பொண்ணுதான் நம்ம ஊட்டுக்கு வரணும்" என்று கேசரியை வாயில் போட்டுக்கொண்டார்.

பையனின் அப்பா மட்டும் அசையவில்லை. "அந்தக் கண்ணையும் காட்டுங்க" என்றார். பார்த்த பிறகுதான் கை நனைத்தார். (அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.)

இன்றைக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால், பேரப்பிள்ளைகள் என் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சோறு போடச் சொல்கிறார்கள். கோமதியின் சாமர்த்தியத்தால்தான் கல்யாணம் நடந்தது என்று ஊரே சொல்கிறது. நடந்தது சரி. நான் மஞ்சளாகாமல் இருந்திருந்தால் அந்தச் சாமர்த்தியம் அவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? இனிமேல் கதை சொல்பவர்கள் என் பெயரை முதலில் சொல்லவேண்டும்.