சனி விரதம் பிடிச்ச வேட்டை நாய்

உனக்கு வேற சோலி இல்லையே பிள்ளை? கோயிலுக்கு வந்தா சாமியைக் கும்பிட்டுப் போட்டுப் போகவேணும். நீ என்னெண்டால் கையில பிரசாதத்தையும் வைச்சுக்கொண்டு, "ஆச்சி, உங்கட வீட்டு நாய் சோதினையில ஃபெயிலாமே, என்ன நடந்தது?" எண்டு கேக்கிறாய். ஆர் உனக்குச் சொன்னது? என்ர மருமகளாத்தான் இருக்கும். அவளின்ர வாய்க்குப் பூட்டுப் போட ஏலாது. டுசல்டோர்ஃப் முழுக்கத் தெரிஞ்ச கதை உனக்கு மட்டும் தெரியாமல் கிடக்குதாக்கும். சரி, இரு. கடலையைக் கொறிச்சுக்கொண்டு கேள். இடையில சிரிச்சியெண்டால் எழும்பிப் போயிடுவன், சொல்லிப்போட்டன்.

என்ர பேத்தி தர்சி இருக்கிறாளெல்லே, மகனின்ர மூத்தது. பல்லுக் கட்டுற இடத்தில வேலை. முழுக் கோழியைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிறவள். ஒருநாள் வந்து, தான் வேட்டைக்காரியாகப் போறன் எண்டு சொல்லுறாள். கூட வேலை செய்யிற டொச்சுப் பெட்டை ஒருத்தி சேத்துவிட்ட சேர்க்கை. இஞ்ச ஜேர்மனியில சும்மா துவக்கைத் தூக்கிக்கொண்டு காட்டுக்க போகேலாது கண்டியோ, அதுக்கும் படிக்கவேணும். டொக்டருக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி மான் கொம்பின்ர படத்தைப் பாத்துப் பாத்துப் படிச்சு, பாஸும் பண்ணிப்போட்டாள். (மருமகள் அழுத அழுகை! கலியாணம் பேசி வாறவை "பிள்ளை என்ன செய்யுது?" எண்டு கேட்டா, "பன்றி சுடுது" எண்டே சொல்லுறது?)

பாஸ் பண்ணின கையோட நாயும் வந்து சேர்ந்தது. மண்ணிறத்தில வெள்ளைப் புள்ளி, மா அரிக்கேக்க ஆரோ மேல கொட்டிவிட்ட மாதிரி. காது ரெண்டும் வாடின வாழையிலை. இந்தச் சாதி நாய் குலைச்சுத் துரத்திப் பிடிக்காதாம். பறவை புல்லுக்க எங்க பதுங்கி இருக்குதெண்டு மணந்து கண்டுபிடிச்சு, ஒரு முன்னங்காலைத் தூக்கி, மூக்கை நீட்டி, சிலை மாதிரி நிண்டு காட்டுமாம். எங்கட செத்துப்போன மனுசனும் அப்பிடித்தான். நான் கணவாய் பொரிச்சனெண்டால் குசினி வாசலில மூக்கை நீட்டிக்கொண்டு நிப்பார். அதுக்கு ஒருத்தரும் காசு குடுத்துப் பழக்கேல்லை.

கடதாசியில நாய்க்கு முழ நீளத்தில ஒரு பேர். என்ர வாய்க்க அது நுழையேல்லை. நாய் வைரவரின்ர வாகனம்தானே, நான் வைரவன் எண்டு கூப்பிட்டன். அதுவும் திரும்பிப் பாத்துது, சோலி முடிஞ்சுது.

ஆனா நாயை வித்த மனுசி லேசுப்பட்ட ஆளில்லை. வேட்டைக்காரருக்கு மட்டும்தான் தன்ர குட்டியைக் குடுப்பாளாம். வசந்த காலத்தில இளம் நாயளுக்கு ஒரு சோதினை வைப்பினம், அதில தேறாட்டி நாயைத் திருப்பி எடுத்துப்போடுவன் எண்டு தர்சிக்குச் சொல்லிப்போட்டுத்தான் தந்தவள். தர்சிக்கு அந்தப் பயத்தில நித்திரை இல்லை. நான் மட்டும், "எடுத்துக்கொண்டு போகட்டும், வீட்டில மயிர் கொட்டுறதாவது குறையும்" எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். (காலமை கண் முழிச்சா என்ர கால்மாட்டில தலையை வைச்சுக்கொண்டு படுத்திருப்பான். அது வேற கதை, உனக்குத் தேவையில்லை.)

பயிற்சி எண்டு ஒண்டு நடந்துது பார்! மீன் பிடிக்கிற தடியின்ர நுனியில பறவைச் செட்டை ஒண்டைக் கட்டி, வீட்டுக்குப் பின்னால புல்லுத் தரையில தர்சி சுழட்டுவாள். நாய் அதைக் கண்டு அசையாமல் நிக்கவேணுமாம். வைரவன் பாய்ஞ்சு கவ்வி, செட்டையைச் சப்பி, கயித்திலயும் கொஞ்சத்தை விழுங்கிப்போட்டான். அடுத்த நாள் புதுச் செட்டை. அதையும் திண்டான். பிள்ளை விசிலடிச்சா மற்றப் பக்கம் ஓடுவான். நிண்டு காட்டினது தர்சிதான், வாயைத் திறந்துகொண்டு.

அந்தச் செட்டையளை எங்க வைக்கிறது? என்ர ஃப்ரீசருக்க! துருவின தேங்காய்ப்பூவுக்கும் மீன் தலைக்கும் நடுவில!

"எடி பிள்ளை, வெள்ளிக்கிழமையில உந்தச் செட்டையை எடுத்து வெளியால வை."

"அப்பம்மா, இது என்ர வேலை. நீங்கள் இதுக்க வராதேங்கோ. நாயோட தமிழ் கதைக்காதேங்கோ, சோறும் வைக்காதேங்கோ. பயிற்சி குழம்பிப்போடும்."

"ஓம் ஓம், நான் ஏன் கதைக்கிறன்?" எண்டன்.

அவள் காலமை வேலைக்குப் போனால் பின்னேரம்தான் வருவாள். மகனும் மருமகளும் அப்பிடித்தான். பகல் முழுக்க வீட்டில நானும் அவனும். சுவரோடயே கதைக்கிறது?

நான் ஒவ்வொரு நாளும் சமைச்சு முடிய, முதல் பிடி சோத்தைப் பல்கணியில காகத்துக்கு வைக்கிறனான். சனிக்கிழமையில எள்ளும் போட்டு வைப்பன். இஞ்சத்தைக் காகங்களுக்கு முதல் சோறெண்டால் என்னெண்டு தெரியாது. இப்ப சம்பல் உறைப்பெண்டால் திரும்பிப் பாத்து முறைக்கிற அளவுக்கு வந்திட்டுதுகள். அதில ஒண்டு நொண்டிக் காகம். பொரியலைத்தான் முதல் கொத்தும். ஆரெண்டு எனக்கு விளங்கீற்றுது. மீன்பொரியல் ஒரு துண்டு கூட வைப்பன், அவ்வளவுதான்.

வைரவன் வந்த புதுசில காகத்தைக் கண்டதும் கண்ணாடிக் கதவில பாய்ஞ்சு விழுவான். காகமெல்லாம் பறந்திடும். மனுசனின்ர திவசத்தண்டும் அப்பிடிச் செய்தான். சமைச்ச அவ்வளவும் கிடக்கு, நொண்டிக் காகம் மரத்தில இருந்து என்னை ஒரு பார்வை பாத்துது. உயிரோட இருக்கேக்க சோறு பிந்தினால் பாப்பாரே, அதே பார்வை.

எனக்கு வந்த கோவத்துக்கு அவனின்ர மூக்கில ஒரு தட்டுத் தட்டினன். "இஞ்ச பார். முதல் அவர் சாப்பிடவேணும். பேந்துதான் நீ."

பாய்ஞ்சா தட்டு. நிண்டா, காகம் திண்டு முடிய, "சரி, இப்ப நீ" எண்டு சொல்லி ஒரு உருண்டை சோறு. தடியுமில்லை, விசிலுமில்லை. கொஞ்ச நாளில பாத்தா, சோத்தை வைச்சு நான் "கா... கா..." எண்டதும் ஒரு காலைத் தூக்கி, மூக்கை நீட்டி, கல்லு மாதிரி நிக்கிறான். காகம் மூக்குக்குக் கிட்ட நடந்தாலும் அசையமாட்டான். வாயில இருந்து வீணி மட்டும் வழியும்.

ஒருநாள் தர்சி வெள்ளனத் திரும்பி வந்தவள் இதைக் கண்டுபோட்டாள். சோத்தைக் காணேல்லை, காகத்தையும் நாயையும்தான் கண்டவள். சத்தம் போடாமல் ஃபோனில படம் பிடிச்சு, கட்டிப்பிடிச்சு, அழுது, "அப்பம்மா, என்ர பயிற்சி வேலை செய்யுது!" எண்டாள்.

"பின்னே? நீ கொஞ்சப் பாடே பட்டனீ?" எண்டு நானும் சொன்னன். என்னை நாயோட கதைக்க வேண்டாமெண்டு சொன்னவளிட்ட நான் ஏன் வாயைத் திறக்கவேணும்?

சோதினை ஒரு சனிக்கிழமை காலமை. ஊருக்கு வெளியால, ரைன் ஆத்தங்கரைப் பக்கத்து வயல்வெளி. வைரவன் காருக்க என்ர மடியில படுத்தால்தான் சத்தி எடுக்கமாட்டான். அதால என்னையும் ஏத்தினவை, மரியாதைக்கில்லை. தர்சிதான் கார் ஓட்டினவள். விடியக் கிளம்பினதால காகத்துக்கு வைக்கேலாமல் போச்சு. பருப்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் எள்ளுச் சோறுமாப் பெரிய எவர்சில்வர் பெட்டியில கட்டிக்கொண்டு போனன். பத்துப் பேர் சாப்பிடலாம். (ரெண்டு பேர் போற பயணத்துக்குப் பத்துப் பேருக்குக் கட்டாட்டி நான் என்ன ஆள்?)

"அப்பம்மா, கெஞ்சிக் கேக்கிறன், காரை விட்டு இறங்காதேங்கோ" எண்டாள்.

நான் கண்ணாடிக்குள்ளால பாத்துக்கொண்டிருந்தன். எல்லாரும் பச்சை உடுப்பு. சோதிக்கிறவர் தொப்பியில இறகு குத்தின ஒரு மீசைக்காரர். நாயை வித்த மனுசியும் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறாள். நானே பள்ளிக்கூடத்தில ஒரு சோதினையும் பாஸ் பண்ணாதவள். என்ர வளர்ப்புக்கு இந்த வயசில இவை புள்ளி போடப் போயினமாம்.

மற்ற நாயள் ஓடி முடிய எங்கட ஆளை விட்டவை. இடமும் வலமுமா வடிவா ஓடினான். ஓடினவன் ஒரு பத்தைக்கு முன்னால டக்கெண்டு நிண்டான். கால் மேல. மூக்கு நேர. வால் கம்பி மாதிரி. மீசைக்காரர் தலையாட்டிறார். நாய்க்காரி கையை அவிழ்த்துப்போட்டாள். தர்சிக்குக் கண்ணெல்லாம் தண்ணி. நானும் சீலைத் தலைப்பால மூக்கைத் துடைச்சன். சளியாக்கும்.

அது வரைக்கும் திறம். பேந்து தர்சி விசிலடிச்சு வரச் சொன்னாள். வரேல்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள், கயித்தைப் போட்டு இழுத்தாள். பின்னங்காலை மண்ணுக்க ஊண்டிக்கொண்டு நிக்கிறான். ஒருக்கால் மட்டும் கடைக்கண்ணால காரைப் பாத்தான். எனக்கு அப்பவே விளங்கீற்றுது. பறவை இன்னும் சாப்பிடேல்லை. அவன் என்னெண்டு அசையிறது?

மழையும் தூறத் தொடங்கிச்சு. மீசைக்காரர் நாய்க்கு வலிப்போ எண்டு கேக்கிறார். தர்சி ஓடி வந்து கார்க் கதவைத் திறந்தாள்.

"அப்பம்மா! அவனுக்கு என்ன செய்தனீங்கள்?"

"நான் என்ன செய்தன்? நல்ல பழக்கம் பழக்கினன்."

"என்ன பழக்கம்?"

சொன்னன். பிள்ளையின்ர முகத்தில ரத்தமே இல்லை.

"இப்ப அவனை எப்பிடி எடுக்கிறது?"

"அதுக்கு நான் இறங்கவேணும். நீதானே இறங்காதேங்கோ எண்டனீ?"

"இறங்குங்கோ!"

சீலைக்கு மேல அவளின்ர பச்சை ஜக்கெட், காலில மருமகளின்ர மழைச் சப்பாத்து, கையில சோத்துப் பெட்டி. சேத்துக்க சளக் சளக்கெண்டு நடந்து போய், மீசைக்காரருக்கு எனக்குத் தெரிஞ்ச அரைகுறை டொச்சில "குட்டன் மோர்கன்" எண்டன். மனுசனும் தொப்பியைக் கழட்டினார், பாவம். பத்தைக்கு முன்னால ஒரு பிடி எள்ளுச் சோத்தை வைச்சன். "கா... கா... கா..."

அங்கால மரங்களில இருந்த காகமெல்லாம் வயல் கறுக்கிற மாதிரி வந்து இறங்கிச்சு. அது கூடப் பரவாயில்லை. பத்தைக்க பதுங்கியிருந்த அந்தப் பறவை, நீள வாலோட இஞ்சத்தைக் காட்டுச் சேவல் ஒண்டு, பட்டுச் சால்வை போட்ட தலைவர் பந்திக்கு வாற மாதிரி நடந்து வந்து, காகத்தோட காகமா எள்ளைக் கொத்தத் தொடங்கிச்சு. வேட்டை நாய் பக்கத்தில நிண்டு, அவர் சாப்பிட்டு முடியட்டுமெண்டு மரியாதையாப் பாக்குது. துவக்குக்காரர் அவ்வளவு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நிக்கினம்.

சேவல் திண்டு முடிச்சு, ஆறுதலா நடந்து போச்சு. "சரி, இப்ப நீ" எண்டன். வைரவன் காலைக் கீழ வைச்சு, என்ர கையால ஒரு உருண்டை வாங்கித் திண்டு, மீசைக்காரரின்ர சப்பாத்தையும் ஒருக்கால் நக்கினான்.

அவர் தர்சியிட்ட மெல்லமாச் சொன்னார்: "இவ்வளவு உறுதியா நிண்ட நாயை என்ர வாழ்க்கையில பாக்கேல்லை. ஆனா இது பறவை பிடிக்கிற நாயில்லை, பறவைக்குப் பந்தி நடத்திற நாய்." ஃபெயில்.

நாய்க்காரி வந்து கயித்தைக் கையில எடுத்தாள். தர்சி குறுக்க போகேல்லை. சொன்ன சொல்லெல்லே. குனிஞ்சு வைரவனின்ர காதை ஒருக்கால் தடவிப்போட்டு மற்றப் பக்கம் திரும்பி நிண்டு தேம்பிறாள். அவனுக்கு ஒண்டும் விளங்கேல்லை, வாலை ஆட்டிக்கொண்டு அந்த மனுசிக்குப் பின்னால ரெண்டு அடி வைச்சிட்டான்.

மயிர் கொட்டாது எண்டு சந்தோசப்பட வேண்டிய ஆள் நான். கை தன்ர பாட்டில பெட்டிக்க போச்சு. இன்னொரு பிடி சோறு.

"கா... கா..."

வைரவன் நிண்டான். கால் மேல, மூக்கு நேர.

மனுசி இழுத்தாள். அசையேல்லை. காகம் திண்டு முடியப் போகுது எண்டு கண்டால் நான் இன்னொரு பிடி வைக்கிறன். அவள் இழுக்கிறாள், நான் வைக்கிறன். பெட்டி பத்துப் பேரின்ரயெல்லே! மழை கொட்டுது. அவளின்ர தொப்பியால தண்ணி ஓடுது. கடைசியாக் கத்தரிக்காய்ப் பொரியலில கை வைச்சன்.

"இன்னும் எவ்வளவு கிடக்கு?" எண்டு கேட்டாள்.

பெட்டியைச் சரிச்சுக் காட்டினன். "காருக்க தயிர்ச் சோறும் கிடக்கு" எண்டன். (கிடக்கேல்லை.)

அவள் என்னைப் பாத்தாள், காகங்களைப் பாத்தாள், தூக்கின காலைப் பாத்தாள். பேந்து சிரிக்கத் தொடங்கினவள் நிப்பாட்டேல்லை. "இதை இனி எந்த வேட்டைக்காரனுக்கு நான் விக்கிறது? வைச்சிருங்கோ" எண்டு கயித்தை என்ர கையில தந்திட்டுப் போட்டாள்.

தர்சி ஒரு கிழமை என்னோட கதைக்கேல்லை. நாயோட மட்டும் கதைச்சாள், அதுவும் தமிழில. இப்பவும் மேசையில சாப்பாடு வைச்சா, என்ர மகன் கதிரையில இருக்காமல் ஒரு காலைத் தூக்கி, மூக்கை நீட்டிக்கொண்டு நிண்டு, "அம்மா, காகம் சாப்பிட்டிட்டுதோ?" எண்டு கேப்பான். அம்பது வயசு ஆம்பிளை! தர்சிதான், "சரி, இப்ப நீங்கள்" எண்டு சொல்லி இருத்துவாள்.

அயலட்டைக்கு என்ன சொன்னனெண்டு கேக்கிறியோ? கீழ் வீட்டு டொச்சு மனுசி கேட்டாள். எங்கட நாய் சனிக்கிழமையில மச்ச மாமிசம் தொடாது, அது தெரியாமல் சனிக்கிழமை சோதினை வைச்சது அவையின்ர பிழை எண்டன். பாவம், மன்னிப்புக் கேட்டாள். முன் வீட்டு ராணியும் கேட்டாள். அவள் எங்கட ஆளெல்லே, அவளுக்கு இன்னும் கொஞ்சம் கூடச் சொன்னன். இப்ப சனிக்கிழமை தவறாமல் வைரவனுக்கு வடைமாலை கொண்டு வாறாள். அவன் வடையைக் கண்டதும் காலைத் தூக்கிக்கொண்டு நிப்பான்.

"அக்கா, ஏன் இப்பிடி நிக்குது?" எண்டு பயந்து போய்க் கேட்டாள்.

"கும்பிடு, ராணி," எண்டன். "உன்னை ஆசீர்வதிக்குது."