ஒரே விதையால் வந்த வினை

இலுப்பூர்,
வெகுதானிய வருஷம், தை 9.

மைத்துனன் சிரஞ்சீவி ஆத்மநாதனுக்கு அத்தான் மலையாண்டி ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கு நானும் உன் அக்காள் அழகம்மாளும் மாடுகளும் சுகம். வயல் சுகமில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

விதைப் பண்ணையில் உத்தியோகம் பார்க்கிறவன் ஆயிற்றே என்று உன்னை நம்பி, நீ அனுப்பிய புது விதைநெல்லையே மூன்று மா வயலிலும் நட்டேன். கலப்பு கூடாது, வேறு பயிர் தலைகாட்டினால் பிடுங்கிவிடு என்று எழுதியிருந்தாய். பிடுங்கினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. பயிர் சீவிவிட்ட தலைமுடி மாதிரி ஒரே மட்டமாக நின்றது. வண்டியில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டினேன். உன் அக்காளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "எல்லாம் ஒண்ணுபோல நிக்கிறதப் பாத்தா எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள். என்னைக் கேட்காமலே வாய்க்கால் ஓரத் துண்டில் சிறுமணி, மிளகி, கட்டைச் சம்பா என்று மூன்று ரக நெல்லையும் கலந்து விதைத்திருந்தாள். பைத்தியக்காரத்தனம் என்று நாலு பேர் முன்னால் திட்டினேன்.

மார்கழிப் பனியில் வந்தது குலைநோய். இலையில் புள்ளி விழுந்து, கதிரின் கழுத்து கறுத்து, பத்தே நாளில் மூன்று மாவும் பதராகிவிட்டது. சாம்பல் தூவினேன், மோர் தெளித்தேன், மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை. மாடுகூட அந்த வைக்கோலை முகர்ந்துவிட்டு என் முகத்தைத்தான் பார்த்தது. வரப்பில் உட்கார்ந்திருந்தேன். உன் அக்காள் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை, திருப்பித் திட்டியாவது இருப்பேன்.

அவள் துண்டில் கட்டைச் சம்பா மட்டும் அங்கிட்டும் இங்கிட்டும் கருகியது; மற்றதெல்லாம் விளைந்துவிட்டது. பார்க்க வந்த விவசாய அதிகாரி, நோய் பூஞ்சணத்தால் வருவது, காற்றில் பரவும் என்றார். இங்கே எப்படிப் பரவாமல் நின்றது என்று அவளையே கேட்டார். "பக்கத்துல அதே பயிரு இருந்தாத்தானுங்களே தாவும்? நடுவுல வேற பயிரு நிக்கிதுல்ல" என்றாள். அதை நோட்டில் எழுதிக்கொண்டார். அவள் பெயரையும் எழுதிக்கொண்டார். என் பெயரைக் கேட்கவில்லை. இப்போது ஊரில் நான் அழகம்மா வீட்டுக்காரர்.

ஆகையால் தம்பி, இனி ஒரு மணி விதைகூட நீ எனக்கு அனுப்ப வேண்டாம். மாசித் திருவிழாவுக்கும் வர வேண்டாம். குழந்தைகளுக்கு எங்கள் ஆசிகள். நீயும் நன்றாயிரு, தூரத்திலேயே நன்றாயிரு.

இப்படிக்கு,
மலையாண்டி

பின்குறிப்பு: இதை உன் அக்காளுக்கு வாசித்துக் காட்டினேன். "தம்பி வெதை நல்ல வெதைதாங்க. அதத் தனியா விட்டதுதான் தப்பு" என்கிறாள். நாலாவதாக அதையும் கலக்கப் போகிறாளாம். எனவே மேலே அனுப்ப வேண்டாம், வர வேண்டாம் என்ற இரண்டு இடத்திலும் வேண்டும் என்று திருத்தி வாசித்துக்கொள். விதை இரண்டு மரக்கால் போதும்.