ஆயில் குறைந்த மாப்பிள்ளை

உயிரே போனாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோ தூக்குவதில்லை என்று முடிவெடுத்தேன். சும்மா எடுத்த முடிவு இல்லை. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு, வாய்விட்டுச் சொல்லி எடுத்த முடிவு. வாய்க்குள் கொஞ்சம் சோப்பும் போனது. பொருட்படுத்தவில்லை.

பீரோ என்னுடையது இல்லை. என் மச்சானுடையது, அதாவது என் மனைவியின் அண்ணனுடையது. முழு இரும்பு. அந்தக் காலத்தில் மிச்சமான பீரங்கியை உருக்கிச் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். மச்சான் குடியிருந்த வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். ஞாயிறன்று வீடு மாறுகிறார்.

"புது வீடு எங்கே?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"மாடி வீடுங்க."

"லிஃப்ட் இருக்கா?"

"அதான் நீங்க இருக்கீங்களே."

இதற்குப் பிறகும் ஒரு மனிதன் முடிவெடுக்காமல் இருந்தால் அவன் மனிதனே இல்லை, கிரேன்.

நான் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண் பரிசோதித்து, கண்ணாடி மாட்டி அனுப்புவது தொழில். ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணைத் திறந்துவிட்டவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மனைவியிடம் "வர முடியாது" என்று சொல்லக் கூடாது. "வண்டி வராது" என்று சொல்ல வேண்டும். வண்டியை யாரும் முறைக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை காலை கார் பானட்டைத் திறந்தேன். ரேடியேட்டரில் தண்ணீர் நிறைய இருந்தது. பேட்டரி பளபளத்தது. பெல்ட் புதுசு. எல்லாப் பாகமும் மச்சானுக்கு வேண்டப்பட்ட மாதிரி நடந்துகொண்டது. கடைசியாக ஆயில் அளக்கும் குச்சியை உருவினேன். துடைத்து, மறுபடி விட்டு, மறுபடி உருவினேன்.

மேலே ஒரு கோடு. கீழே ஒரு கோடு. ஆயில் நடுவில் நின்றது. நடுவிலிருந்து ஒரு கடுகளவு கீழே.

அந்தக் கடுகை மலையாக்குவது என் பொறுப்பு.

"ஐயோ!" என்று அலறினேன்.

கையில் கரண்டியோடு ஓடிவந்தாள் மனைவி. "என்னங்க? கையை நசுக்கிக்கிட்டீங்களா?"

"கை போனாப் பரவால்லடி. ஆயில் குறைஞ்சிருக்கு!"

குச்சியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "கொஞ்சம்தானே? ரெண்டு கோட்டுக்கும் நடுவுலதானே இருக்கு?"

"நடுவுல இருந்தா, நடுரோட்டுல நிக்கும்."

"போன வாரம் உங்க கேரம் போட்டிக்கு அவ்ளோ தூரம் போனீங்களே, நிக்கலையே?"

"அதுல குறைஞ்சதுதான் இது!"

"ஒரு பாட்டில் வாங்கி ஊத்திட்டாப் போச்சு."

"ஊத்தறதா? இது என்ன செடியா? கண்ட ஆயிலை ஊத்துனா என்ஜின் அப்படியே இறுகிடும். அப்புறம் உங்க அண்ணன் வீட்டுப் பீரோவும் நம்ம வண்டியும் ஒண்ணு. ரெண்டையுமே ஆள் வெச்சுத்தான் தூக்கணும்."

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு வழுக்கை எழுந்தது. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். அவருக்கு வீட்டில் ஒரே வேலை, எங்கள் வீட்டைக் கவனிப்பது.

"என்ன சார், பிரச்சினையா?"

அவருக்குக் கண் அடித்தேன். ஆமாம் போடுங்கள் என்று அர்த்தம்.

"கண்ணுல தூசியா சார்?"

மறுபடி அடித்தேன்.

"ரெண்டு கண்ணுலயுமா?"

மனைவி குச்சியை அவரிடம் நீட்டினாள். "டாக்டர், நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

அவர் குச்சியைச் சாய்த்துப் பார்த்தார். நிமிர்த்திப் பார்த்தார். "ஆ" காட்டச் சொல்லவில்லை, அது ஒன்றுதான் குறை. கடைசியில் தலையை ஆட்டினார். "கறுத்துப்போச்சும்மா. இப்படியே விட்டா வேர் வரைக்கும் போயிடும்."

அவர் பல்லை நினைத்துச் சொன்னாரோ, என்னை நினைத்துச் சொன்னாரோ, எனக்குக் கிடைத்தது லாபம்.

"கேட்டியா? படிச்சவரு சொல்றாரு" என்றேன்.

ஒரு சண்டைக்குத் தயாராகக் காலை அகட்டி நின்றேன். மனைவி குச்சியைத் திருப்பிக் கொடுத்தாள். "சரிங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அம்மாவுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னது எதுவும் சரியாக இருந்ததில்லை. அதிர்ச்சியில் குச்சியை என்ஜினில் சொருகுவதற்குப் பதில் சட்டைப்பையில் சொருகப் போனேன்.

ஜன்னலுக்கு வெளியே நின்று காதைத் தீட்டினேன். என் மனைவிக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த வண்டி எப்போது, எந்த நடைமேடையில் என்று ஒலிபெருக்கியில் சொல்பவள். ல, ள, ழ மூன்றையும் தனித்தனித் தட்டில் வைத்துப் பரிமாறுவாள். ஒரு எழுத்து இன்னொன்றோடு ஒட்டாது.

"ஆமாம்மா... ஆயில்தான்... கொஞ்சம் குறைஞ்சிருக்குன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிட்டிருந்துது... இல்லம்மா, தூரமெல்லாம் போகக் கூடாதாம். நடுவழியிலேயே நின்னாலும் நின்னுடுமாம்... ஆமா, டாக்டரும் பார்த்துட்டாரு. உள்ளே கறுத்துப்போச்சுன்னு சொல்றாரு... கனமெல்லாம் ஏத்தவே கூடாதும்மா... வயசாகுதுல்ல... சரிம்மா, அழாதே."

அழாதே?

ஒரு காருக்காக மாமியார் அழுகிறார் என்றால் எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, சந்தோஷமாகப் போய்ப் படுத்தேன்.

ஞாயிறு காலை அழைப்பு மணி அடித்தது. லுங்கியும் கொட்டாவியுமாகக் கதவைத் திறந்தேன். வாசலில் மாமியார். பின்னால் மச்சான். அவருக்குப் பின்னால் மச்சான் மனைவி. எல்லாருக்கும் பின்னால் ஒரு லாரி. லாரியின் மேல், கயிற்றால் கட்டப்பட்டு, என்னையே பார்த்துக்கொண்டு, பீரோ.

"மாப்பிள்ளே!" என்று மாமியார் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நிக்காதீங்க! நீங்க நிக்கவே கூடாது!"

"ஏன் அத்தை?"

"இப்படியா சொல்லாம கொள்ளாம ஆயுள் குறையும்? இந்த வயசுல?"

ஆயுளா?

மச்சான் என் தோளில் கை வைத்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. ஒரு காலை நொண்டிக்கொண்டே என்னைச் சோபாவுக்கு நடத்திப்போனார். "தைரியமா இருங்க மாப்பிள்ளே. குறைஞ்சது குறைஞ்சதா இருக்கட்டும். இருக்கறதை வெச்சு ஓட்டிடலாம்."

"மச்சான், ஒரு நிமிஷம். குறைஞ்சது வந்து..."

"அண்ணே, பேசாதீங்க, மூச்சு வாங்கும்" என்றார் மச்சான் மனைவி. என் தலைக்குக் கீழே ஒரு தலையணை வந்தது. காலுக்குக் கீழே ஒன்று. எதிரே தட்டில் இருந்த என் முட்டைப் பொரியல் போனது. அதன் இடத்தில் உப்பில்லாத சூப் வந்தது.

ஆயில், ஆயுள் இல்லை என்று கத்த வாயைத் திறந்தேன். வாசல் வழியாக லாரி தெரிந்தது. பீரோ வெயிலில் மின்னியது.

வாயை மூடிக்கொண்டேன்.

யோசித்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு ஆயுள் இருக்கிறது. ஆயுள் இருந்தால் முதுகு இருக்கிறது. முதுகு இருந்தால் பீரோ இருக்கிறது. சூப்பைக் குடித்தேன்.

சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். அவளைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு ஒரு கணம் சந்தேகமே வந்துவிட்டது. ஒருவேளை நிஜமாகவே குறைந்திருக்குமோ? நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டேன். ஓடியது. நடுக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழேதான் ஓடுகிற மாதிரி இருந்தது.

மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைக் கோதினார். அவர் வீட்டு மருமகனாக நான் ஆனதிலிருந்து என் தலையை யாரும் கோதியதில்லை. கோதும் அளவுக்கு முடியிருந்த காலத்திலேயே கோதவில்லை.

"தங்கமான மாப்பிள்ளை. என் பொண்ணு கொடுத்துவெச்சவ."

"அப்படியெல்லாம் இல்ல அத்தை."

"ஒரு வார்த்தை அதிர்ந்து பேசியிருப்பீங்களா? உங்களை இந்த நிலைமையில விட்டுட்டு நாங்க எங்கேயோ போயிருந்தா மனசு கேக்குமா? ஆனா என்ன பண்றது, இங்கே தங்க எடம் ஏது..."

பாராட்டு என்பது ஒரு போதை. நான் அன்றுவரை அதைத் தொட்டதே இல்லை. பழக்கமில்லாதவன், ஒரே மடக்கில் குடித்துவிட்டேன்.

"என்ன அத்தை இப்படிக் கேக்கறீங்க?" என்றேன், குரல் தழுதழுக்க. "மாடி சும்மாதானே கிடக்கு? ஒரு கேரம் போர்டுதானே இருக்கு? நீங்க எல்லாரும் இங்கேயே, என் கண்ணு முன்னாலேயே இருங்க. எனக்கு வேற என்ன ஆசை?"

சட்டென்று அழுகை நின்றது. குழாயை மூடியதுபோல் நின்றது.

"வார்த்தை மாற மாட்டீங்களே?" என்றார் மாமியார், மிகத் தெளிவான குரலில்.

எனக்கு ஏதோ உறுத்தியது. மாடியை அண்ணனுக்குக் கொடுக்கலாமே என்று மனைவி அடிக்கடி கேட்பாள். நான் "பார்க்கலாம்" என்பேன். எங்கள் வீட்டில் "பார்க்கலாம்" என்றால் பார்க்க மாட்டோம் என்று அர்த்தம்.

அந்த நேரம் பார்த்து வாசலில் பல் டாக்டர். கையில் ஒரு பாட்டில். முகமெல்லாம் பல்.

"சார்! உங்க வண்டிக்கு ஆயில் வாங்கிட்டு வந்துட்டேன்! பெட்ரோல் பங்க்ல சொன்னாங்க, நீங்க பயந்த மாதிரி ஒண்ணுமே இல்லியாம். கொஞ்சம் ஊத்தினாப் போதுமாம்!"

சூப் ஆறுகிற சத்தம்கூடக் கேட்டது.

"ஆயிலா?" என்றார் மச்சான்.

"ஆயிலா?" என்றார் மச்சான் மனைவி.

"ஆயிலுதான்" என்றேன் நான், தலையணைக்குள்.

மாமியார் கையைக் கூப்பினார். "அப்பாடா! மாப்பிள்ளைக்கு ஒண்ணுமில்லே! கல்லு மாதிரி இருக்காரு! டேய், அவருக்குப் பீரோவோட கனமான பக்கத்தைக் கொடுடா!"

கொடுத்தார்கள்.

எங்கள் மாடிப்படி எத்தனை வளைவு வளைகிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் பல் டாக்டர் முன்னால் நின்று "ஆ... இன்னும் கொஞ்சம்... வலிக்காது..." என்று சொல்லிக்கொண்டே ஏறினார். மேலே போனதும் பீரோவை இறக்கிவைத்தோம். நான் இறக்கிவைத்த வடிவிலேயே நின்றேன்.

சாயங்காலம். நான் குப்புறப் படுத்திருந்தேன். மனைவி என் முதுகில் தைலம் தேய்த்தாள்.

"உண்மையைச் சொல்லு. உங்க அம்மாவுக்கு ஆயில் ஆயுளாக் கேட்டுச்சா?"

"முதல்ல கேட்டுச்சுங்க. உடனே அழுதுட்டாங்க. வயசானவங்களை அப்படியே விட முடியுமா? மறுபடி போன் பண்ணி ஆயிலுதான்னு சொல்லிட்டேன்."

நான் தலையைத் தூக்கப் பார்த்தேன். முதுகு அனுமதிக்கவில்லை. "அப்போ... எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியுமே."

"உங்க அம்மா அழுதது?"

"அம்மாவுக்குச் சின்ன வயசுலேருந்தே நடிப்புன்னா உசுரு."

"உங்க அண்ணன் கண்ணு கலங்கினது? அதுவும் நடிப்பா?"

"சேச்சே. லாரில ஏத்தும்போது அவர் கால்ல பீரோ விழுந்துடுச்சுங்க. பாவம், அது நிஜம்."

"நான் ஒழுங்கா நேத்தே வரேன்னு சொல்லியிருந்தா?"

"வந்து பீரோவை லாரில ஏத்தியிருப்பீங்க. அப்புறம் லாரி இங்கேதான் வந்திருக்கும். மாடி வீடுன்னுதானே சொன்னேன்? இப்போ இறக்கினது மட்டும்தான் உங்க வேலை. உங்க முதுகை நினைச்சுத்தான் நானும் விட்டுட்டேன்."

நான் தலையணையைக் கடித்தேன். அவள் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. பேருந்து நிலைய அறிவிப்பு மாதிரி ஒவ்வொன்றும் உண்மை. வண்டியைத் தவறவிட்டவன் நான்.

கையைத் துடைத்துவிட்டு அவள் கார் சாவியை எடுத்தாள். "அம்மாவோட கட்டில் பழைய வீட்டுலயே நின்னுபோச்சு. நானும் அண்ணியும் போய்ப் பிரிச்சு எடுத்துட்டு வந்துடறோம்."

"வண்டியிலயா? டாக்டர் கொடுத்த ஆயிலை ஊத்துனியா?"

"திரும்பி வந்து, என்ஜின் சூடு ஆறினதும் அளந்து பார்த்து ஊத்திக்கலாம். கீழ்க் கோட்டுக்கு மேலே இருந்தாத் தாராளமா ஓடும்."

அவள் போனாள். நான் படுத்தபடியே ஜன்னல் பக்கம் காது வைத்து, "கடகட" சத்தத்துக்காகக் காத்திருந்தேன். எங்காவது நடுவழியில் நிற்கும். போன் வரும். "நீங்க சொன்னது சரிதாங்க" என்பாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் வண்டியையே இழக்கத் தயாராக இருந்தேன்.

போன் வரவில்லை. கட்டில் வந்தது.

"வண்டி சத்தம் ஏதாவது போட்டுச்சா?" என்று முனகினேன்.

"வழி பூரா வாயே திறக்கலைங்க" என்றாள் மனைவி, தைலப் பாட்டிலைத் திறந்தபடி. "உங்களுக்கு அது எவ்வளவோ தேவலை."