வெட்ட வெட்ட இடப்பக்கம் போன அம்பு

வேட்டைக்குப் போகும் முன்பே இறைச்சியைப் பங்குபோட்டுவிடும் ஆட்களில் நானும் ஒருவன். மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மை விருந்துக்குக் காட்டுப்பன்றிக் கறி, அதுவும் நானே அம்பெய்து அடித்த பன்றி என்று, வுப்பர்டால் நகரத்துக் கத்தோலிக்கக் கோயில் வாசலில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டேன். (கோழி என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை வந்திராது.)

ஜெர்மனியில் வில்லால் வேட்டையாடத் தடை. என் மனைவி ரெஜினாவின் தம்பி அன்ரன் அதற்காகப் பிரான்சுக்குப் போய்வருவான். அவனுடைய காரில் ஓர் இடம் இருந்தது. ஆனால் இங்கேயே வளர்ந்த பிள்ளை, எல்லாவற்றுக்கும் டெர்மின் என்று நாளும் நேரமும் குறிப்பான், பரீட்சை வைப்பான்.

"அத்தான், மூண்டு அம்பிலை குறைஞ்சது ரெண்டு ரப்பர் பன்றியின்ரை நெஞ்சிலை ஏறவேணும். இல்லாட்டிக் கூட்டிக்கொண்டு போக ஏலாது. குறி பிழைச்சால் காயப்பட்ட மிருகம் பத்தைக்குள்ளை கிடந்து துடிக்கும்."

என் வில் பலம் குறைந்தது. பெரிய மிருகத்துக்குள் ஆழமாக ஏற அம்பு கனமாக இருக்கவேண்டும் என்று எங்கோ வாசித்து, கடையில் இருந்தவற்றிலேயே தடித்த, கனத்த அம்புகளை வாங்கிவந்தேன். அவை மிகப் பலமான வில்லுக்கானவை என்று பெட்டியிலேயே எழுதியிருந்தது. (எனக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியும். பொறுமைதான் இல்லை.)

பழகிப் பார்த்தபோது அம்பு இடப்பக்கம் போனது. நான் தையற்காரன். காற்சட்டை சரிவராவிட்டால் கட்டையாக்குவேன்; இத்தனை வருடத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். எல்லா அம்பிலும் ஒரு விரலளவு வெட்டினேன். இன்னும் இடப்பக்கம் போனது. மறுபடி வெட்டினேன்.

"இஞ்சேருங்கோ, அது அம்போ, முருங்கைக்காயோ?" என்று கேட்டாள் ரெஜினா.

அவளுக்கு என்ன தெரியும் என்று இன்னொரு விரலளவு வெட்டினேன்.

பரீட்சை நாளில், காட்டுக்குள் ரப்பர் பன்றியொன்று என்னைப் பார்த்தபடி நின்றது. முதல் அம்பு அதைத் தொடாமல் இடப்பக்கத்து மரத்தில் குத்தியது. இரண்டாவதற்கு வேண்டுமென்றே வலப்பக்கம் தள்ளிக் குறிவைத்தேன். சரியாக நெஞ்சில்! அன்ரன் புருவத்தை உயர்த்தினான்.

இனி ஒன்றுதான். கோயில் வாசலில் நான் அளந்ததெல்லாம் மனதில் வந்து நின்றது. பலமாக இழுத்தால் நேராகப் போகும் என்று நினைத்து, ஒருநாளும் இழுக்காத அளவுக்கு நாணை இழுத்தேன். கட்டை அம்பின் முனை வில்லைத் தாண்டி உள்ளே வந்து, வில்லைப் பிடித்திருந்த என் கையின் மேல் குத்தி நின்றது.

"விடாதேங்கோ! அத்தான், விடாதேங்கோ!"

விட்டால் அம்பு என் கைக்குள்தான் போகும். பிடித்திருக்கவும் தோளில் பலமில்லை. அந்தோனியாரே, பன்றியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இந்தக் கையை மட்டும் காப்பாற்றும் என்று மன்றாடினேன். அன்ரன் பின்னாலிருந்து என் விரல்களோடு சேர்த்து நாணைப் பிடித்து, அங்குலம் அங்குலமாகத் தளர்த்தினான். நான் அப்படியே ஈர இலைகளின் மேல் குந்திவிட்டேன்.

அவன் அம்பைக் கையிலெடுத்து வளைத்துப் பார்த்தான். "வளையாமல் விறைச்ச அம்பு, வலக்கையாலை இழுக்கிற உங்களுக்கு இடப்பக்கம்தான் போகும். வெட்ட வெட்ட இன்னும் விறைக்கும். நீளமா விட்டுட்டு, முனையிலை பாரத்தைக் கூட்டியிருந்தால் வளைஞ்சு நேராப் போயிருக்கும்."

உயிருள்ள பன்றியாக இருந்திருந்தால் என்று நினைத்தபோது உண்மையாகவே வெட்கமாக இருந்தது. கார் நான் இல்லாமலே பிரான்சுக்குப் போனது.

பன்றி மட்டும் வந்தது. அன்ரன் அடித்தது. விருந்தில் பங்குச் சுவாமியார் கறியை ருசித்துவிட்டு, "அடிச்சது நீங்கள்தானே?" என்று என் தோளில் தட்டினார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, அடக்கமாகச் சிரித்தேன். வெள்ளைச் சட்டையில் பக்கத்தில் நின்ற மகள் மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னாள்: "இல்லை ஃபாதர், மாமாதான் அடிச்சவர். அப்பா அடிச்சது இடப்பக்கத்து மரத்துக்கு."

இப்போது எந்த விருந்துக்குப் போனாலும் என் கறிக் கோப்பையை எனக்கு முன்னால் வைப்பதில்லை. இடப்பக்கம் ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு, "உங்கடை பன்றி அங்கைதானே நிண்டது, எட்டி எடுங்கோ" என்கிறார்கள்.