பன்னிரண்டாம் தேதிக்குள் பிறந்தவர்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எண்ணால் எழுதிய தேதியை நம்பாத ஒரே ஜீவன் எங்கள் கேலண்டரம்மாதான். படைத்தவனே நேரில் வந்து உலகம் பிறந்த தேதியைச் சொன்னாலும், "மாசத்த எழுத்துல எழுதிக் குடு சாமி" என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

ரப்பர் பாகங்கள் செய்யும் எங்கள் கம்பெனியில் கணினிப் பிரிவு என்றால் அவர் ஒருவர்தான். பணியாளர் அதிகாரியான நானே 3/4 என்று லீவு கடிதம் கொடுத்தால், "மார்ச்சா, ஏப்ரலா?" என்பார்.

"இப்ப ஏப்ரல்தானேம்மா?"

"அது உங்களுக்குத் தெரியும் சார். மெசினுக்குத் தெரியுமா?"

தேதி எண்ணில் இருக்கிறதென்று தன் தம்பியின் கல்யாணப் பத்திரிகையையே அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பியவர். பன் பாக்கெட்டின் தேதியைப் பற்றி அவர் கேட்ட கேள்விகளுக்குப் பிறகு, பேக்கரிக்காரர் அவர் தலையைக் கண்டாலே ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார்.

ஒரு மே மாதக் கடைசியில், சென்னீர்குப்பத்தில் உறவுக்காரர் கல்யாணம் என்று அவர் லீவில் போனார். அந்த நேரம் பார்த்துத் தலைமை அலுவலகம் ஊழியர்களின் பிறந்த தேதிகளை அனுப்பியது. புது மேனேஜர், "ரெண்டு கிளிக் வேலை" என்று கோப்பை நேராகத் திறந்தார். அந்த மாதம் ஓய்வு பெறுவோர் பட்டியல் வந்து விழுந்தது. அதில் பேக்கிங் முனுசாமியின் பெயர் இருந்தது. அவர் பிறந்தது டிசம்பரில். மகனுக்கு இன்னும் ஒரு செமஸ்டர் படிப்பு பாக்கி.

நான் பணிப் பதிவேட்டைக் காட்டினேன். "அதிலயும் 05/12னுதானே இருக்கு?" என்றார் மேனேஜர். இருந்தது.

முனுசாமியோ, "கம்ப்யூட்டரே சொல்லிக்கீது சார். எங்கம்மாதான் மாத்திச் சொல்லியிருக்கும்" என்று தன் பிறப்பையே விட்டுக்கொடுத்தார்.

ஓய்வு பெறுகிறவரை மாலை போட்டு, பேண்டு வாத்தியத்தோடு வீடு வரை கொண்டுபோய் விடுவது எங்கள் வழக்கம். கேட்டில் வாத்தியம் தொடங்கியதும், அன்றுதான் லீவு முடிந்து வந்திருந்த கேலண்டரம்மா வெளியே ஓடிவந்தார்.

"இன்னா நைனா, மாலையும் கழுத்துமா நிக்கிற? உனக்கு டிசம்பர்லதானே?"

"கம்ப்யூட்டர் சொல்ட்சும்மா."

"என்னக் கேக்காம அது எப்டி சொல்லும்?"

மேனேஜரை இழுத்துப்போய்த் திரை முன் உட்கார வைத்தார். "பாருங்க சார். பாதி தேதி வலப்பக்கம் நிக்குது, பாதி இடப்பக்கம் ஒட்டிக்கினு கீது. இந்த மெசினுக்கு மாசம்தான் முதல்ல. பதிமூணாந்தேதி பொறந்தவனுக்குப் பதிமூணாவது மாசத்தத் தேடிச்சு, கெடைக்கல, வெறும் எழுத்தா உட்டுட்ச்சு. அவன்லாம் தப்பிச்சான். பன்னெண்டுக்குள்ள பொறந்தவன் மாட்டிக்கினான். அஞ்சு டிசம்பர் பன்னெண்டு மே ஆயிட்ச்சு!"

கோப்பை மூடினார். தேதிப் பத்திக்கு 'நாள், மாதம், ஆண்டு' என்று வரிசை சொல்லி, மறுபடி உள்ளே இழுத்தார். எல்லாத் தேதிகளும் வலப்பக்கம் போய் ஒழுங்காக நின்றன. முனுசாமி டிசம்பரில் பிறந்தார்.

"கொடுத்த உத்தரவைத் திரும்ப வாங்க விதி இருக்கா?" என்று மேனேஜர் என்னைக் கேட்டார். கிடையாது. ஆனால் 'பதிவுப் பிழை திருத்தம்' என்று குறிப்பு எழுத விதி உண்டு. அதற்கு என் கையெழுத்து ஒன்றே போதும். போட்டேன்.

முனுசாமி மாலையோடு பேக்கிங் பிரிவுக்குத் திரும்பி நடந்தார். பேசிய காசுக்கு வாசித்தே தீருவோம் என்று பேண்டுக்காரர்களும் பின்னாலேயே உள்ளே போனார்கள். மேனேஜர் அன்று முதல் மாதத்தை எழுத்தில் எழுதினார்.

என் முறையும் வந்தது. என் ஓய்வு உத்தரவு சரிபார்க்க கேலண்டரம்மாவின் மேசைக்குத்தான் போனது. என் பிறந்த தேதி இருபத்தாறு, குழம்பவே வழியில்லை. அதில் பிழை ஏதும் இல்லை என்று ஒப்புக்கொள்ள, அவருக்கு ஒரு மதியம் முழுக்க ஆனது.