எல்லை மீறிய கடல்

உலகத்தில் ஒழுங்கு இன்னும் மிச்சம் இருக்கிறது என்றால் அதற்கு ஓசூர்தான் காரணம். ஓசூரில் இருக்கிறது என்றால் அதற்கு எங்கள் ஆய்வகத்தின் தரப்பிரிவு காரணம். தரப்பிரிவு என்பது நான்.

இருபத்திரண்டு ஆண்டுகள் கியர் தொழிற்சாலையில் பற்களை அளந்தவன். ஒரு பல்லும் என்னை ஏமாற்றியதில்லை. அந்தத் தகுதியைக் கருதி, பழங்காலக் கடல் கற்களைச் சோதிக்கும் இந்த ஆய்வகத்தில் என்னை அமர்த்தினார்கள். கல்லும் ஒரு பாகம்தானே.

வேலை எளிது. ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லை, கெலமங்கலத்திலிருந்து வரும் கோவிந்தப்பன் சின்னத் துளைக்கருவியால் தூளாக்குவார். நபீலா அதில் அமிலம் விடுவார். கிளம்பும் வாயுவை இயந்திரம் வாங்கி, கனமான கார்பன் எவ்வளவு, லேசான கார்பன் எவ்வளவு என்று பார்த்து ஒரு எண் சொல்லும். கல் படிந்த நாளில் கடல் எப்படி இருந்தது என்பதை அந்த எண் காட்டுமாம். எனக்கு எண் போதும்.

சேர்ந்த வாரமே எண்ணுக்கு எல்லை வகுத்தேன். முதல் வாடிக்கையாளரின் கற்கள் கூட்டல் இரண்டுக்கும் கழித்தல் இரண்டுக்கும் இடையில் இருந்தன. அதுதான் 'நல்ல கடல்' என்று எழுதிக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினேன்.

மார்ச்சில் பேராசிரியர் ஹரிணி அறுபது கற்கள் அனுப்பினார். ஒரே மலைவெட்டில் அடிக்கு ஒன்றாக எடுத்தவை. ஐம்பத்தைந்து கோடி ஆண்டுப் பழையவை. நாற்பத்தாறு கற்கள் பண்பாக நடந்துகொண்டன. நடுவில் இருந்த பதினான்கு, கழித்தல் பத்துக்கு இறங்கிவிட்டன.

எல்லை தாண்டிய எண்ணுக்கு எங்கள் படிவத்தில் 'விலகல்' என்று பெயர்; உடனே 'விலகல் கூட்டம்' கூட்டினேன். மேலாளர் விஜயகுமார் தலைமை தாங்கினார். மூக்கண்டப்பள்ளியிலிருந்து வரும் நபீலாவுக்கு வேலையில் அது ஆறாவது மாதம். வெள்ளிக்கிழமை வேலை நிரந்தரமாக வேண்டும். விதி ஒன்றுதான்: அவர் பெயரில் முடிக்காத விலகல் இருக்கக் கூடாது.

"மிஷின் சரியா?" என்றேன்.

"பத்து கல்லுக்கு ஒரு தடவை, எண் தெரிஞ்ச பளிங்குத் தூளை ஓட்டிப் பாக்கறோம் சார். அது பிசகலை. பதினாலையும் ரெண்டு தடவை திரும்ப ஓட்டிட்டேன். அதே எண்தான் வருது."

"பின்னால மழைத்தண்ணி புகுந்து கல்லு கெட்டிருக்கும்," என்றார் விஜயகுமார்.

"அப்படின்னா மிஷின் சேத்துச் சொல்ற ஆக்சிஜன் எண்ணும் கூடவே இறங்கியிருக்கணும் சார். அது அசையலை. இது கடலோட எண்."

'ஐந்து ஏன்' முறையைக் கையில் எடுத்தேன். ஐந்து முறை ஏன் என்று கேட்டால் குற்றவாளி தானாக வெளியே வருவான்.

"ஏன் இறங்கிச்சு?"

"லேசான கார்பன் கடல்ல கூடிப்போச்சு சார்."

"ஏன் கூடிச்சு?"

"அது யாருக்கும் சரியாத் தெரியாது சார். அதைக் கண்டுபிடிக்கத்தான் மேடம் கல்லு அனுப்பியிருக்காங்க."

இரண்டாவது ஏனில் நின்றால் படிவத்தில் மூன்று கட்டங்கள் காலியாக இருக்கும். "அப்ப ஆப்பரேட்டர் யாரு?" என்றேன்.

"அப்ப மனுஷனே கிடையாது சார்."

"ஆள் இல்லாம லைன் ஓட்டினா இப்படித்தான் ஆகும்," என்றார் விஜயகுமார். குறித்துக்கொண்டேன். மூன்றாவது கட்டம் நிறைந்தது.

"கடலுக்கு ஒரு மெமோ குடுத்துடலாம் சார்," என்றார் கோவிந்தப்பன், வாசலில் நின்றபடி. "வாங்கலைன்னா கதவுல ஒட்டிட்டு வந்துடறேன்."

நல்ல யோசனை. முகவரி இல்லாததால் கைவிட்டோம்.

கடைசியில் 'திருத்த நடவடிக்கை' முடிவானது. அறிக்கையில் பதினான்கு கற்களையும் கழித்தல் இரண்டில் நிறுத்துவது. கருணையோடு, எல்லைக்கு உள்ளேயே.

"கையெழுத்துப் போடும்மா," என்றார் விஜயகுமார். "வெள்ளிக்கிழமை ஆர்டர் வாங்கிக்கோ."

"அந்தப் பதினாலு கல்லுக்குத் துணையாத்தான் சார் மீதி நாற்பத்தாறும் வந்திருக்குது. அதை அழிச்சுட்டு எதுக்குக் கையெழுத்து?"

"உனக்கு வேலை வேணுமா, கல்லு வேணுமா?"

"வேலை வேணும் சார். வீட்ல நான் ஒருத்திதான் சம்பாதிக்கறேன். ஆனா வேலையே இந்தக் கல்லுதானே சார்."

நபீலா பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டார். நானே போட்டேன். தரத்துக்கு யார் கை என்ற பேதம் கிடையாது.

வெள்ளிக்கிழமை நபீலாவுக்கு ரிலீவிங் ஆர்டர் தந்தோம். அன்றைக்கே பேராசிரியர் ஹரிணி அறிக்கை வாங்க நேரில் வந்தார். தாளை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

"பதினாலு கல்லும் ஒரே எண்ணா? ஒரு புள்ளிகூட ஏறி இறங்கலையா?"

"எங்கள் தரம் அப்படி, மேடம்," என்றேன்.

"இதை ஓட்டினது யாரு?"

நபீலா பையோடு படியிறங்கிக்கொண்டிருந்தார். கோவிந்தப்பன் யாரையும் கேட்காமல் ஓடிப்போய்க் கூட்டி வந்தார். அவர் மேல் தனிப் படிவம் போட்டிருக்கிறேன்.

"மிஷின்ல அப்படியே இருக்குது மேடம்," என்றார் நபீலா. "அதைத் திருத்த இவங்களுக்குத் தெரியாது."

திரையில் கோடு சரிந்து, பள்ளத்தில் கிடந்து, மெல்ல ஏறியது. பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எட்டு வருஷமாக அந்தப் பள்ளத்தைத் தேடுகிறாராம். பள்ளத்தைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

"திங்கட்கிழமை எங்க லேப்ல சேர முடியுமா?" என்று நபீலாவைக் கேட்டார்.

"அங்க கூட்டம் போடுவீங்களா மேடம்?"

"டீ குடிக்கறதுக்கு மட்டும்."

மிச்சக் கற்களையும் நபீலாவையும் ஒரே காரில் ஏற்றிக்கொண்டு போனார். கோவிந்தப்பன் கையசைத்தார்.

அந்த ஆண்டின் 'பூஜ்ய விலகல்' விருது எங்களுக்கே கிடைத்தது. முழுத் தகுதியோடு பெற்றோம். எங்கள் ஆய்வகத்தில் உண்மை பேசியது பதினான்கு கற்களும் ஒரு பெண்ணும்தான். ஒன்று விடாமல் வெளியே அனுப்பிவிட்டோம்.