வார்னிங் பாய் போடாத கேஸ்ட்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலேயே கம்ப்யூட்டர் குறை சொன்னால் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் வார்னிங் பாய்தான். திரையில் வார்னிங் வந்தால் நாங்கள் முகம் சுளிப்போம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்த சம்பந்தியை விசாரிப்பதுபோல ஒவ்வொன்றாக விசாரிப்பார்.

2006 வாக்கில், கிரேன்களுக்கு எடை காட்டும் கருவி செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் நாங்கள் இருவரும் புரோகிராமர்கள். கருவிக்குள் ஓடும் கெர்னல் என்ற மூலப் புரோகிராமுக்கு, சிப்போடு பேச உதவும் டிரைவர் என்ற துணைப் புரோகிராம் எழுதுவது அவர் வேலை. பழவேற்காட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே கவலை, எண்ணை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்பது. பெரிய எண்ணை நான்கு துண்டாக்கி மெமரியில் வைக்கும்போது சில சிப்புகள் பெரிய துண்டை முதலில் வைக்கும். சில, சின்னத் துண்டை. மாற்றிப் படித்தால் போச்சு. எனக்கு அதை அவர்தான் புரிய வைத்தார். “எங்க வாப்பா அரபு எழுத்துல தமிழ் எழுதுவாரு நைனா. அத்த இடதுபக்கத்துலருந்து படிச்சா எழுத்து அதேதான். ஆனா வாப்பா எழுதுனது அது இல்ல.”

அதனால் டிரைவரில் இருந்த ஒவ்வொரு எண்ணுக்கும் அது எந்த வகை என்று லேபிள் ஒட்டிக்கொண்டே போனார். வகை கலந்தால் சோதனை புரோகிராம் வார்னிங் கொடுக்கும். ஆபீஸ் வருகைப் பதிவேட்டையும் விடவில்லை. 5/6 என்றால் ஜூன் ஐந்தா, மே ஆறா என்று தலைப்பில் எழுதும்வரை கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான்கு நாள் ‘ஆப்சென்ட்’ வாங்கினார்.

வார்னிங்கை அடக்கக் குறுக்குவழி ஒன்று உண்டு. எண் இருக்கும் இடத்தைக் காட்டும் பாயிண்டர் மேல் கேஸ்ட் என்று ஒரு முத்திரை போட்டு, ‘இது நான் சொல்கிற வகைதான், வாயை மூடு’ என்று கம்ப்யூட்டருக்கு உத்தரவிடலாம். பாய்க்கு அது ஆகவே ஆகாது. ஒருநாள் எச்.ஆர். அம்மாவிடம் போய், இந்த ஆபீசில் எல்லோரும் சகட்டுமேனிக்குக் கேஸ்ட் போடுகிறார்கள் என்று புகார் சொல்லிவிட்டார். அந்த அம்மா வெலவெலத்துப்போய் முதலாளிக்குப் போன் செய்து, சாதி விவகாரம் இல்லை என்று தெளிவதற்குள் மத்தியானச் சாப்பாடு ஆறிவிட்டது.

தங்கை நிக்காஹுக்காக அவர் மூன்று நாள் லீவு போனபோதுதான் அது நடந்தது. புதிய சிப் வைத்த கருவியை ஒரு இரும்பாலைக்கு வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். டிரைவரில் ஒரே ஒரு வார்னிங் பாக்கி. மேனேஜர் அதை எடுக்கச் சொன்னார். நான் ஒரு கேஸ்ட் போட்டேன். வார்னிங் போய்விட்டது. கருவியும் எடையைச் சரியாகக் காட்டியது.

கெட்டது எடை அல்ல, எல்லை. ஐயாயிரம் கிலோ தாண்டினால் அலாரம் அடிக்க வேண்டும். நான் கேஸ்ட் போட்டு வாயடைத்த அந்த ஐயாயிரத்தைப் புதிய சிப் தலைகீழாகப் படித்து இருநூறு கோடிக்கு மேல் ஆக்கியிருந்தது. எந்தக் கிரேனாலும் தூக்க முடியாத எடை. அலாரம் அடிக்கவே அடிக்காது. மூன்றாவது வாரம், அளவுக்கு மீறித் தூக்கிய கிரேனில் சங்கிலி அறுந்து, ஒடிசாவிலிருந்து வந்திருந்த தொழிலாளி ஒருவரின் இடது கால் நசுங்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு யார் வேலை என்று கேட்டார். எல்லோருக்கும் ஒரே லாகின், யார் மாற்றியது என்று கம்ப்யூட்டரில் தெரியாது. ஃபைலின் மேலே இருந்தது பாய் பெயர். பாய் அந்த வரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“என் டிரைவரு சார். முடிக்காம லீவுல போனது நான்தான்.”

நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிரைவரைச் சரிசெய்து கொடுத்துவிட்டு ராஜினாமா செய்யும்படி பாயிடம் சொன்னார்கள். மறுநாள் அவர் இரும்பாலைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். கேஸ்டை எடுத்து, எண்ணை முறையாகத் திருப்பிப் படிக்க வைத்தார். கிரேனில் இரும்புக் கட்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றச் சொன்னார். அலாரம் அடித்தது. நிறுத்தச் சொல்லாமல் வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். அந்தச் சத்தத்தில்தான் எனக்குத் தைரியம் வந்தது. நான்தான் போட்டேன் என்றேன்.

“தெரியும்,” என்றார். “நீ எழுதுற தினுசு எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிக்கு ஒருதபா போய்ட்டு வா நைனா. பேச்சுத் துணைக்கு ஆளில்லாம ஒண்டியா கீறாரு அந்த மனுசன்.”

அதோடு வேலையை விட்டுப் போய்விட்டார். போன வருஷம் மாரடைப்பில் இறந்துவிட்டதாகப் பழைய சிநேகிதர் ஒருவர் சொன்னார். நான் உண்மையை மேனேஜரிடம் கடைசிவரை சொல்லவில்லை. அதற்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு மட்டும் போனேன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை. எனக்கு முன்பே பாய் அங்கே இருந்தார். தெரிந்த நாலு இந்தி வார்த்தைகளை வைத்துக்கொண்டு அந்த மனிதரைச் சிரிக்க வைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அத்தனை நல்ல மனிதர் ஒருவருக்குப் பக்கத்தில் நான் அதற்குப் பிறகு உட்கார்ந்ததில்லை.